படம் முடிவதற்குள் திரையைச் சுருக்காதீர்கள்

பழைய படங்களின் உரிமத்தைக் கையில் வைத்திருக்கும் ஓடிடி நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

கடைசி அடி விழுந்து, வில்லன் பிடிபட்டு, பெயர்கள் ஓடத் தொடங்கும்போதே உங்கள் செயலி படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி ஒரு மூலையில் தள்ளிவிடுகிறது. மிச்சத் திரை முழுக்கச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு தொடரின் முன்னோட்டம். ஐந்து, நான்கு, மூன்று என்று எண் இறங்குகிறது. அது தீர்ந்ததும் நாம் பார்த்துக்கொண்டிருந்த படம் காணாமல் போய்விடுகிறது.

எந்தப் படத்துக்குச் செய்தாலும் இது மரியாதைக் குறைவுதான். போலீஸை நாயகனாக்கி எடுத்த பழைய ஆக்‌ஷன் காமெடிகளுக்குச் செய்யும்போது, நேரடியாகப் படத்தையே வெட்டுகிறீர்கள். இந்தப் படங்களில் பல, பெயர்கள் ஓடத் தொடங்கும்போது முடிவதில்லை. அவற்றின் ஆகச் சிறந்த சில நிமிடங்கள் அங்கேதான் இருக்கின்றன.

ஜாக்கி சான் இயக்கி நடித்து 1985இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சண்டை ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் நடக்கிறது. கண்ணாடி அலமாரி, கண்ணாடித் தடுப்பு என்று கண்ணில் படுவதெல்லாம் நொறுங்குகிறது. படக்குழுவே இந்தப் படத்தை 'கிளாஸ் ஸ்டோரி' என்று கிண்டலாகக் கூப்பிட்டதாம். அப்புறம் பல மாடி உயரத்திலிருந்து, விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தைத் தாவிப் பிடித்துச் சறுக்கிக்கொண்டே வருகிறார் சான். பல்புகள் பொரிந்து தெறிக்கின்றன. கீழே ஒரு கூரையைப் பெயர்த்துக்கொண்டு விழுகிறார். அதே விழுதலை வேறு வேறு கோணங்களில் மூன்று முறை காட்டுகிறார்கள். உள்ளங்கைத் தோல் வெந்துபோனது, முதுகெலும்பிலும் இடுப்பிலும் அடி. இதற்குப் பிறகு அவரே பாடிய பாட்டு ஒலிக்க, பெயர்கள் ஓட, கூடவே படப்பிடிப்பில் தவறிப்போன டேக்குகள், விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்கள் என்று ஒவ்வொன்றாக வருகிறது. நீங்கள் தபால்தலையாக்குவது இதைத்தான்.

என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. முழுக்க கம்ப்யூட்டரில் செய்த சண்டைகளைப் பார்த்து வளர்கிற பிள்ளை. சமீபத்தில் உங்களில் ஒருவருடைய தளத்தில் இந்தப் படத்தை அவனோடு சேர்ந்து பார்த்தேன். கம்பத்தில் சறுக்கிய இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "மாமா, நெசமாவே குதிச்சாரா, இல்ல கம்ப்யூட்டர்ல பண்ணதா?" என்று கேட்டான். "இரு, கடைசியில அவங்களே காட்டுவாங்க" என்றேன். காட்டவில்லை. படம் மூலைக்குப் போனது. வீடு வாங்குகிறவர்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி முழுத்திரையில் ஓடத் தொடங்கியது. ரிமோட்டைத் தேடி எடுத்து, பின்னால் போய், 'பெயர்ப்பட்டியலைப் பார்' என்ற பொத்தானைக் கண்டுபிடிப்பதற்குள் பையனுக்கு ஆர்வம் போய்விட்டது. "சரி மாமா, கம்ப்யூட்டர்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஒரு மனிதன் கையைச் சுட்டுக்கொண்டு, முதுகை உடைத்துக்கொண்டு செய்த வேலையை ஒரு பிள்ளை போலி என்று நம்பிப் போக உங்கள் வடிவமைப்பு காரணமாக இருந்திருக்கிறது.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ஆட்டோபிளேயை அணைத்துவிடும்படி பதில் வந்தது. டிவியில் அந்த அமைப்பு இல்லை. கணினியில் உள்நுழைந்து, கணக்குக்குள் போய், ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக அணைக்க வேண்டும். அணைத்தேன். அதன் பிறகு அடுத்த நிகழ்ச்சி தானாக ஓடுவது நின்றது. திரை சுருங்குவது மட்டும் நிற்கவில்லை. மறுபடி எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அவ்வளவுதான்.

இந்தக் கடைசி நிமிடங்கள் எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வடிவமைப்பாளர்கள் இதை வெறும் துணுக்கு என்று நினைக்கிறார்கள். 1981இல் வந்த 'தி கேனன்பால் ரன்' என்ற அமெரிக்க கார் பந்தயக் காமெடியில் சானுக்கு ஒரு சின்ன வேடம். அந்தப் படத்தின் முடிவில் நடிகர்கள் வசனத்தைக் கோட்டைவிட்டுச் சிரிக்கும் துண்டுகளைச் சேர்த்திருந்தார்கள். அந்த யோசனையை அவர் ஹாங்காங்குக்குக் கொண்டுபோனார். 1982இலிருந்து அவருடைய படங்களில் அது வழக்கமாகிவிட்டது. அமெரிக்கப் படத்தில் அது சிரித்துக்கொண்டே விடைகொடுக்கும் ஒரு வேடிக்கை. இவர் கையில் அது சாட்சியம் ஆகிவிட்டது. இதுவரை நீ பார்த்ததெல்லாம் நடந்தது, இதோ பார், நடக்கும்போது இப்படித்தான் இருந்தது என்று படமே வாக்குமூலம் கொடுக்கிறது.

'புராஜெக்ட் ஏ' 1983. அதில் அவர் பழைய ஹாங்காங்கின் கடல் போலீஸில் சார்ஜென்ட். கடிகாரக் கோபுரத்தின் முள்ளைப் பிடித்துத் தொங்கி, துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் வந்து விழுவார். 1923இல் ஊமைப்பட நகைச்சுவை நடிகர் ஹெரால்ட் லாய்ட் கடிகார முள்ளில் தொங்கியதற்கு அது வணக்கம். லாய்ட் தொங்கினார், விழவில்லை. இவர் விழுந்தே காட்டினார். 'போலீஸ் ஸ்டோரி' இரண்டாம் பாகத்தின் (1988) முடிவில், காதலியாக நடித்த மேகி சுங் தலையில் அடிபட்டு ரத்தத்தோடு நிற்பது தெரியும். சரிந்து விழும் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே ஓடிய காட்சியில் வாங்கிய அடி. மூன்றாம் பாகத்தில் (1992) நடிகை மிஷெல் யோ ஓடும் வேனின் மேலிருந்து சானின் காரின் முன்பகுதியில் விழ வேண்டும். ஒரு டேக்கில் பிடி கிடைக்காமல் வழுக்கிச் சாலையிலேயே விழுந்துவிடுகிறார். சான் கையை நீட்டிப் பிடிக்கப் பார்க்கிறார், முடியவில்லை. யோ எழுந்து மறுபடி செய்ததுதான் படத்தில் இருக்கிறது. விழுந்தது பெயர்ப்பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தவருக்கு அந்தக் காட்சி வேறு எடையோடு மனதில் நிற்கும். உங்கள் தளத்தில் பார்ப்பவருக்குப் பாதிதான் கிடைக்கிறது.

பெயர் ஓடும் நேரத்தில் விளையாடுவது ஹாங்காங்கின் தனிச்சொத்தும் கிடையாது. 1982இல் லெஸ்லி நீல்சன் நடித்த 'போலீஸ் ஸ்குவாட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் வந்தது. அந்தக் காலத்துத் தொடர்களில் கடைசிக் காட்சி உறைந்து நிற்க, அதன் மேல் பெயர்கள் ஓடும். இந்தத் தொடரில் காட்சி உறையாது. நடிகர்கள் உறைந்தது போல அப்படியே அசையாமல் நிற்பார்கள், சுற்றியுள்ளது மட்டும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். அதுதான் நகைச்சுவை. அதன் வழியில் வந்த 'தி நேக்கட் கன்' (1988) படத்தில் பெயர்ப்பட்டியலுக்குள்ளேயே பகடி வரிகளைச் செருகியிருப்பார்கள். உங்கள் மூலைச் சதுரத்தில் இவற்றை யாரால் படிக்க முடியும்?

அந்தத் தொடர் ஆறு அத்தியாயங்களோடு நிறுத்தப்பட்டது. நிறுத்திய சேனலின் தலைவர் சொன்ன காரணம் பிரசித்தமானது: உட்கார்ந்து கவனித்துப் பார்த்தால்தான் ரசிக்க முடிகிறது என்பதுதான் அந்தத் தொடரின் குறையாம். ஆறு வருடம் கழித்து அதே ஆட்கள், அதே நடிகர், அதே பாணி திரையரங்குக்கு வந்தபோது கூட்டம் அள்ளியது. கவனித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நீங்கள் அந்தச் சேனலின் இடத்தில்தான் இன்னும் நிற்கிறீர்கள்.

இந்தப் படங்கள் நாற்பது வருடமாக ஏன் ஓடுகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 'பழைய நினைவு' என்று ஒரு வரிசையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். பழைய நினைவு இல்லாத பிள்ளைகளும் பார்க்கிறார்கள். என் அக்கா மகன் பிறப்பதற்குப் பல வருடம் முன்னால் வந்த படம் அது. அவன் எழுந்து உட்கார்ந்தானே, அதற்கு நினைவு காரணமாக இருக்க முடியாது.

அதிகாரம் வழுக்கி விழுந்தால் ஜனங்கள் சிரிப்பார்கள். ஊமைப்படக் காலத்தில், மாக் செனட் எடுத்த குறும்படங்களின் கீஸ்டோன் போலீஸ்காரர்கள் 1912இலிருந்து ஒருவர் மேல் ஒருவராக விழுந்துகொண்டே இருந்தார்கள். அதே காலத்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் 'காப்ஸ்' (1922) குறும்படத்தில், யாரோ எறிந்த வெடிகுண்டின் திரியில் கீட்டன் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, குண்டைத் தூக்கிப் போட, அது போலீஸ் அணிவகுப்புக்கு நடுவே போய் வெடிக்கும். அதற்குப் பிறகு அந்த ஊரின் மொத்தப் போலீஸும் அவர் ஒருவர் பின்னால் ஓடும். அந்தக் காலத்துப் படங்களில் சீருடை போட்டவன் முட்டாள், ஓடுகிறவன் நம்மவன்.

எண்பதுகளில் ஒரு திருப்பம் நடந்தது. சீருடைக்காரனே ஓடுகிறவனாக மாறினான். 'போலீஸ் ஸ்டோரி' நாயகன் தைரியசாலிதான். ஆனால் நீதிமன்றத்தில் அவனை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துகிறார்கள். காதலி கோபித்துக்கொண்டு போகிறாள். சாணியில் காலை வைத்துவிட்டு, அதைத் தேய்க்கிற சாக்கில் மூன்வாக் ஆடுகிறான். ஒதுக்குப்புறமான ஒரு காவல் நிலையத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அங்கே தனியாக உட்கார்ந்துகொண்டு, ஒரே நேரத்தில் அடிக்கும் பல தொலைபேசிகளை எடுத்து, வயரெல்லாம் சிக்கி, இந்தக் காதுக்கு ஒருவர் அந்தக் காதுக்கு ஒருவர் என்று பேசும் காட்சி இருக்கிறதே, கம்பத்தில் சறுக்கியதற்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை என்பேன். இரண்டும் ஒரே திறமை. உடம்பை வைத்து நேரம் பார்த்துச் செய்கிற வேலை. முதல் காட்சியில் தொலைபேசி விழாமல் இருக்கிறது, இரண்டாவதில் மனிதன் விழுகிறான்.

சட்டமும் மேலதிகாரியும் வில்லனும் சேர்ந்து நசுக்குகிற ஒரு ஆள் திருப்பி அடிக்கும்போது, பார்க்கிற நமக்கு அது நம் வேலையிடத்துக் கோபமாகவும் இருக்கிறது. நடுவில் சிரிக்கவும் வைத்துவிட்டால் அந்தக் கோபம் கசப்பாகாமல் தப்பிக்கிறது. சிரிப்பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதற்கு ஒரு உண்மைக் கதையே இருக்கிறது. 1984இல் வந்த 'பெவர்லி ஹில்ஸ் காப்' படத்தில் எடி மர்ஃபிக்கு முன்னால் நடிக்க இருந்தவர் அதிரடி நாயகன் சில்வெஸ்டர் ஸ்டாலோன். அவர் திரைக்கதையை முழு அதிரடிப் படமாக மாற்றி எழுதினார், அப்புறம் விலகினார். கடைசி நேரத்தில் நகைச்சுவை நடிகரான மர்ஃபி வந்தார். ஸ்டாலோன் தன் யோசனைகளை 1986இல் 'கோப்ரா' என்ற படத்துக்குக் கொண்டுபோனார். விதை கிட்டத்தட்ட ஒன்று. ஒன்றில் துப்பாக்கி நிறைய, இன்னொன்றில் வாய்ப்பேச்சு நிறைய. தன்னைக் கண்காணிக்க வெளியே காரில் உட்கார்ந்திருக்கும் இரண்டு போலீஸ்காரர்களுக்கு ஓட்டலிலிருந்து சாப்பாடு அனுப்பிவைத்துவிட்டு, அதே காரின் புகைக்குழாயில் வாழைப்பழத்தைச் செருகிவிட்டுப் போகிறாரே மர்ஃபி, அதைப் பார்த்தவர் மறப்பாரா? அந்தப் படத்தின் திரைக்கதை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதன் நான்காம் பாகம் 2024இல், நாற்பது வருடம் கழித்து, திரையரங்குக்குப் போகாமல் ஓடிடிக்கே வந்தது. ஆகவே இந்தப் படங்களின் மதிப்பு உங்கள் துறைக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. புதிதாக எடுக்கக் காசு இருக்கிறது, பழையதை ஒழுங்காகக் காட்டப் பொறுமை இல்லை.

ஒத்துப்போகாத இருவரைச் சேர்த்து வண்டியில் ஏற்றிவிடுவது இந்த வகையின் இன்னொரு தூண். '48 ஹவர்ஸ்' (1982), 'லெத்தல் வெப்பன்' (1987), பிறகு 'ரஷ் ஹவர்' (1998). இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும். 'ரஷ் ஹவர்' முடிவில் கிறிஸ் டக்கர் சீன வசனத்தில் தடுமாறுவதையும் சான் ஆங்கில வசனத்தில் தடுமாறுவதையும் பார்க்கலாம். படம் முழுக்க ஒருவரை ஒருவர் மொழியை வைத்துக் கிண்டல் செய்த இருவரும் அங்கே சமமாகிவிடுகிறார்கள். அதைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கிண்டல்கள் கொஞ்சம் உறுத்தும். இன்று இன்னும் அதிகமாகவே உறுத்தும்.

உறுத்தல் என்று சொன்னதால் அதையும் பேசிவிடுகிறேன். இந்தப் படங்களில் பழுது இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 'போலீஸ் ஸ்டோரி' தொடக்கத்தில் மலைச்சரிவில் இருக்கும் குடிசைப் பகுதியைப் பிளந்துகொண்டு கார்கள் இறங்குகின்றன. காட்சியாக அது பிரமிப்பு, 2003இல் ஒரு ஹாலிவுட் போலீஸ் படம் அதைப் பின்பற்றியது. ஆனால் அந்தக் குடிசைகளில் இருந்தவர்கள் கதி என்ன என்று படம் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. காதலியைக் கேலிப்பொருளாக்கும் காட்சிகள் இருக்கின்றன. கைதியை அடிக்கும் போலீஸுக்குக் கைதட்டச் சொல்கிற காட்சிகள் இருக்கின்றன. இவற்றை இன்று பார்க்கிற ஒருவர் முகம் சுளித்தால் அது நியாயம். ஆனால் சத்தமில்லாமல் சில வசனங்களையும் சில துண்டுகளையும் எடுத்துவிட்டு, எடுத்தோம் என்று சொல்லாமலே ஒளிபரப்புவதை ஏற்க முடியாது. என்னிடம் இருக்கும் பழைய டிஸ்க்கோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், உங்களில் ஒருவர் காட்டும் படத்தில் சில காட்சிகள் இல்லை என்று தெரிந்தது. படம் தொடங்கும் முன் நான்கு வரிக் குறிப்பு ஒன்று போடுங்கள். பார்ப்பவர் தீர்மானிக்கட்டும்.

வெட்டு என்றதும் பதிப்புகளின் குழப்பம் ஞாபகம் வருகிறது. மூன்றாம் பாகத்தை அமெரிக்காவில் 1996இல் 'சூப்பர்காப்' என்று வெளியிட்டபோது, நீளத்தைக் குறைத்து, ஆங்கிலத்தில் டப் செய்து, பின்னணி இசையையும் மாற்றினார்கள். அது ஒரு பதிப்பு. 1992இல் ஹாங்காங்கில் வந்தது இன்னொரு பதிப்பு. உங்கள் தளத்தில் இருப்பது எது? தலைப்புக்குக் கீழே வருடம் 1992 என்று போட்டிருக்கிறீர்கள், ஓடுவது 1996. படத்தின் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் தீர்ந்துபோகும் விஷயம்.

டப்பிங்கை நான் குறை சொல்ல மாட்டேன். டப்பிங்கில் பார்த்து வளர்ந்தவன்தான் நானும். அந்தக் கால ஹாங்காங் படங்களைப் பெரும்பாலும் ஒலி இல்லாமல் எடுத்துவிட்டு, அப்புறம்தான் குரல் சேர்த்தார்கள். ஆகவே அசல் குரல் என்று ரொம்பவும் புனிதம் பேசவும் முடியாது. ஆனால் ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸ் ஒலித்தடத்தை வைத்துப் பார்க்கும்போது, கீழே ஓடும் சப்டைட்டில் ஆங்கில டப்பிங் வசனத்தை அப்படியே எடுத்துப் போட்டதாக இருக்கிறது. பாத்திரம் ஒரு வார்த்தையில் திட்டுகிறது, கீழே இரண்டு வரி தத்துவம் ஓடுகிறது. யாரும் வாயே திறக்காத இடத்தில் கூட வசனம் வருகிறது. காமெடிப் படத்தில் இது எத்தனை நகைச்சுவையைக் கொல்கிறது என்று கான்டனீஸ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் புரியும்.

திரையின் அகலம் பற்றியும் சொல்ல வேண்டும். 'போலீஸ் ஸ்டோரி' படங்களை அகலத்திரைக்கு எடுத்தார்கள், அகலம் உயரத்தைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல். டிவியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருமே, அது வரக்கூடாது என்பதற்காக இரு பக்கமும் நறுக்கிவிட்டு நடுப்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டுகிறீர்கள். பேசிக்கொண்டே இருக்கும் படத்துக்கு இது பெரிய நஷ்டம் இல்லாமல் இருக்கலாம். இங்கே நஷ்டம் அதிகம். கீட்டன் காலத்திலிருந்து இந்த வகையின் விதி, தலை முதல் கால் வரை ஆள் முழுசாகத் தெரிய வேண்டும், அடிப்பவனும் விழுபவனும் ஒரே சட்டகத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான். அப்போதுதான் ஏமாற்று இல்லை என்று கண் நம்பும். ஓரத்தை நறுக்கினால் இடது பக்கம் உதைக்கிறவர் தெரிகிறார், வலது பக்கம் பறந்து போகிறவர் பாதியில் மறைந்துவிடுகிறார். ஒருவர் கஷ்டப்பட்டு ஒரே ஷாட்டில் செய்ததை நீங்கள் ஒரு சாதாரண வெட்டாக மாற்றிவிடுகிறீர்கள். இத்தனைக்கும் முதல் இரண்டு பாகங்களையும் 4கே தரத்தில் மீட்டெடுத்து 2019இல் திரையரங்குகளிலேயே மறுபடி வெளியிட்டார்கள். நல்ல பிரதி உலகில் இருக்கிறது.

பார்வையாளர்கள் பெயர்ப்பட்டியலைப் பார்ப்பதில்லை, எங்களிடம் தரவு இருக்கிறது என்று நீங்கள் சொல்லக்கூடும். ஐந்து நொடியில் திரையைப் பிடுங்கிவிட்டு எடுத்த தரவு அது. கதவை நீங்களே சாத்திவிட்டு உள்ளே யாரும் வரவில்லை என்று கணக்கு எழுதுவதில் அர்த்தம் இல்லை. வேண்டாதவர் தாண்டிப்போக ஒரு பொத்தான் வையுங்கள், யாரும் ஆட்சேபிக்கப்போவதில்லை. இப்போது பொத்தானைத் தேடி அழுத்த வேண்டிய வேலை பார்க்க விரும்புகிறவர் தலையில் விழுந்திருக்கிறது. அதுவும் நொடிக்கணக்கில்.

செய்ய முடியாது என்று சொல்லவும் வழியில்லை. ஒவ்வொரு படத்திலும் பெயர்ப்பட்டியல் எந்த நொடியில் தொடங்குகிறது என்று நீங்கள் ஒரு குறி வைத்திருக்கிறீர்கள், அந்தக் குறியில்தான் சுருக்கம் தொடங்குகிறது. புதிய சூப்பர்ஹீரோ படங்களில், பெயர்கள் ஓடும்போது நடுவில் வரும் காட்சியை உங்களில் சிலர் விட்டுவைக்கிறீர்கள், அதாவது குறியைத் தள்ளி வைத்திருக்கிறீர்கள். அதையே பழைய படங்களுக்கும் செய்யச் சொல்கிறேன். ஒரு ஊழியர் உட்கார்ந்து ஒரு எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவு வேலை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கம்பத்தில் சறுக்கியவர் பெயர் போஸ்டரில் இருக்கிறது. அவரோடு சேர்ந்து விழுந்தவர்களின் பெயர் பெயர்ப்பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. 'போலீஸ் ஸ்டோரி'யில் மாடிப் பேருந்து திடீரென்று நிற்க, மேல்தளத்துக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஆட்கள் வெளியே பறப்பார்கள். கீழே நிற்கும் காரின் மேல் விழ வேண்டியவர்கள் தூரம் போதாமல் வெறும் சாலையில் விழுந்தார்கள். அந்த டேக்தான் படத்தில் இருக்கிறது. அவர்கள் முகம் நமக்குத் தெரியாது. ஆஸ்கர் விருதில் ஸ்டண்ட் வடிவமைப்புக்கு என்று ஒரு பிரிவு வரப்போகிறது, 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து. நூறாவது விழாவில்தான் அந்தக் கலைஞர்கள் கண்ணில் பட்டிருக்கிறார்கள். அவர்கள் பெயரை ஓடவிடக் கூட உங்களுக்கு இரண்டு நிமிடம் இல்லையா?

இனி என் கோரிக்கைகள்.

பெயர்கள் ஓடும்போது தவறிய டேக்குகளோ நகைச்சுவைத் துண்டுகளோ வருகிற படங்களை அடையாளம் கண்டு, திரையைச் சுருக்கும் குறியைப் படத்தின் கடைசி ஃபிரேமுக்குத் தள்ளி வையுங்கள். இது உடனே செய்யக்கூடியது, பணம் கேட்காதது. 'போலீஸ் ஸ்டோரி' மூன்று பாகங்கள், 'புராஜெக்ட் ஏ', 'ரஷ் ஹவர்' வரிசை, 'நேக்கட் கன்' வரிசை ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். மற்றப் படங்களின் பட்டியலைப் பார்வையாளர்களிடமே கேளுங்கள், ஒரே நாளில் வந்து குவியும்.

ஆட்டோபிளேயை மட்டும் தனியாகவும், திரை சுருங்குவதை மட்டும் தனியாகவும் அணைக்கும் வசதியை டிவி செயலியிலேயே கொடுங்கள். ஒரு முறை அணைத்தால் அணைந்தே இருக்க வேண்டும்.

படத்தின் பக்கத்தில் எந்தப் பதிப்பு, எத்தனை நிமிடம், எந்த வருடத்து வெளியீடு, எதாவது நீக்கப்பட்டிருக்கிறதா என்பதை எழுதுங்கள். நீக்கியிருந்தால் நீக்காததையும் வயது எச்சரிக்கையோடு கூடவே வையுங்கள்.

எடுத்த அகலத்திலேயே காட்டுங்கள். மீட்டெடுத்த பிரதி இருக்கும் படங்களுக்கு அதையே வாங்குங்கள். கான்டனீஸ் ஒலித்தடத்துக்குக் கான்டனீஸிலிருந்து சப்டைட்டில் எழுத ஆள் வையுங்கள்.

உரிமம் முடிந்து ஒரு பழைய படம் தளத்தை விட்டுப் போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்னதாக அந்தப் படத்தின் பக்கத்திலேயே தேதியைப் போடுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று பொதுவில் பதில் சொல்லுங்கள். 'உங்கள் கருத்து முக்கியம்' என்ற மின்னஞ்சல் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. இன்னொன்று வேண்டாம்.

இப்படிக்கு,
தவறாமல் சந்தா கட்டும் ஒரு பார்வையாளன்